செம்பூர் மெட்டு, தமிழ்க் குரல்

1949-இல், மும்பையின் செம்பூரில் ஆர்.கே. ஸ்டூடியோவை நிறுவியிருந்த ராஜ் கபூரின் 'பர்சாத்' வெளியானது. சங்கர்–ஜெய்கிஷன் இசை இணைக்கு அதுவே முதல் படம்.

அவர்கள் இசை தமிழுக்கும் வந்தது. 1953-இல் அவர்கள் இசையமைத்த இந்திப் படம் 'ஆஹ்', 'அவன்' என்று தமிழ் பேசியது. கம்பதாசன் வரிகளை ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பாடினார்கள். மொழிமாற்றுப் பாடல்கள் பெரும்பாலும் படத்தோடு மறைந்துவிடும். இவை இன்றும் ஒலிக்கின்றன. ஒருமுறை கேட்டாலே வாய் முணுமுணுக்கும் எளிய மெட்டு, அதற்கு இணையான குரல்கள். வேறென்ன வேண்டும்?

திரைமெட்டுகள் இப்படி மொழி தாண்டிய காலத்தில்தான் அகில இந்திய வானொலி 1952-இல் திரைப்பாடல்களை ஒதுக்கியது. அந்த ஆண்டே இலங்கை வானொலியில் 'பினாகா கீத்மாலா' என்ற திரைப்பாடல் நிகழ்ச்சி தொடங்க, அதை வழங்கிய அமீன் சயானியின் குரலுக்கு நாடே காத்திருந்தது. 1957-இல் அகில இந்திய வானொலி இறங்கிவந்து, திரைப்பாடல்களுக்கு இடம் தரும் விவித் பாரதியைத் தொடங்கியது.