யார் வைத்த பேர்?

பள்ளிக்கூட நாட்களில் திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு நண்பன் வீட்டுக்கு அடிக்கடி போவேன். வாசலில் என் தலை தெரிந்ததுமே அவன் பாட்டி "அவோ, அவோ" என்பார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி எனக்குப் புரியாத மொழியில் ஏதோ சொல்வார். சற்றைக்கெல்லாம் காபி வரும். எங்கள் தெருவில் அந்தக் குடும்பங்களைப் 'பட்டுநூல்காரர்' என்பார்கள். ஒருநாள் அந்தச் சொல் நண்பன் முன்னாலேயே என் வாயில் வந்துவிட்டது. "பட்டுநூல் எங்க தாத்தா பார்த்த வேலைடா, பேரு இல்ல. நாங்க சௌராஷ்டிரா" என்றான்.

ஒரு மக்கள்கூட்டத்துக்கு அக்கம்பக்கத்தார் வைக்கும் பேர் ஒன்று. அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது வேறொன்று. இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அக்கம்பக்கத்தார் கண்ணில் முதலில் படுவது தொழில். இல்லாவிட்டால் வந்த திசை. தெலுங்கு பேசியவர்களைத் தமிழ் 'வடுகர்' என்றது. வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு மேல் அதில் சேதி கிடையாது. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் தறி போட்டவர்கள் 'பட்டுநூல்காரர்' ஆனதும் இந்தக் கணக்கில்தான். அந்தப் பேர் ஆட்களோடு நிற்கவில்லை, மொழிமேலும் ஏறிக்கொண்டது. கிரியர்சனின் இந்திய மொழிகள் ஆய்வில் 1908ல் வந்த தொகுதியைப் புரட்டினால், குஜராத்தியின் கிளைகளுக்கு நடுவே இவர்களுடைய பேச்சு 'பட்டுநூலி' என்று உட்கார்ந்திருக்கிறது. கொல்லர் பேசுவது 'இரும்பி', குயவர் பேசுவது 'களிமண்ணி' என்று எழுதிவைத்தால் எப்படி இருக்கும்?

'சௌராஷ்டிரர்' என்ற பேர் தொழிலை விட்டு மண்ணைக் காட்டுகிறது. குஜராத்தின் தீபகற்பம்தான் சௌராஷ்டிரம். ஆனால் கல்வெட்டு கொஞ்சம் தள்ளி நிற்கிறது. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில், கி.பி. 473ஐ ஒட்டிய ஒரு கல்வெட்டு உண்டு. லாட தேசத்துப் பட்டு நெசவாளர் குழு ஒன்று அங்கே குடிபெயர்ந்து சூரியனுக்குக் கோயில் எடுத்ததையும், பிறகு அதைப் பழுதுபார்த்ததையும் அது பாடுகிறது. நம்மூர் நெசவாளரின் முன்னோரை ஆய்வாளர் சிலர் அந்தக் குழுவில் தேடுகிறார்கள். லாடம் தென் குஜராத். சௌராஷ்டிரத்துக்கு வளைகுடா தாண்டி எதிர்க்கரை. தெற்கே நடந்த வழியில் மராத்தியும் தெலுங்கும் கன்னடமும் இவர்கள் பேச்சில் ஒட்டிக்கொண்டன.

ஐரோப்பாவின் நடுவிலும் இதே வழக்கு உண்டு. நமக்குச் 'செக்' என்றால் பேங்க்கில் போடுவது. அங்கே அது ஒரு மக்களுக்கும் அவர்கள் மொழிக்கும் பேர். அந்த நிலத்தில் ஒரு காலத்தில் 'போயி' என்ற கெல்ட்டியக் குடி வாழ்ந்தது. ரோமர்கள் அதைப் 'போயிகளின் வீடு' என்று எழுதிவைத்தார்கள். போயிகள் போயே போய்விட்டார்கள். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஸ்லாவியர் வந்து குடியேறினார்கள். ஆனாலும் வெளியாருக்கு அது 'பொஹீமியா'தான். காலி செய்துவிட்டுப் போனவர் பேருக்கே வீட்டில் கடிதம் வந்துகொண்டிருக்குமே, அந்தக் கதை.

குடிவந்தவர்களின் பழங்கதை வேறு. அவர்களுடைய மூதாதை தன் கூட்டத்தோடு ரீப் என்ற குன்றில் ஏறி, சுற்றிலும் பார்த்து, இதுதான் நமக்கான நிலம் என்றானாம். சமவெளியில் தன்னந்தனியாக எழுந்து நிற்கும் குன்று அது; பேருந்தில் வரும்போது தூரத்திலேயே நம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை தெரியுமே, அந்த மாதிரி. 12ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற பாதிரியார் இதை லத்தீனில் எழுதியபோது, அந்தத் தலைவனுக்குப் பொஹீமியாவை ஒட்டியே பேர் வைத்தார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் மொழியிலேயே செய்யுளாக வந்த வரலாற்றில் அவன் 'செக்' ஆகிவிட்டான். கதைத் தலைவனுக்கே வெளியார் பேர் ஒன்று, வீட்டுப் பேர் ஒன்று!

'செக்' என்ற சொல்லுக்கு 'நம்ம ஆள்' என்ற கருத்தில் வேர் காண்பது இன்று பரவலான விளக்கம். பக்கத்து ஜெர்மானியரை அவர்கள் 'நேமெத்ஸ்' என்கிறார்கள். அதன் வேரில் இருப்பது 'ஊமை'. நம் பேச்சு வராதவன் வாயிருந்தும் ஊமை! பேர் வழக்கு அண்மையில்கூட ஓயவில்லை: 'செக் குடியரசு' என்று நீட்டாமல் எங்களைச் 'செக்கியா' என்று அழையுங்கள் என 2016ல் அந்நாட்டு அரசு உலகுக்குச் சொன்னது.

அந்த நாட்டுக்காரர் ஒருவர் நம் பேருக்கும் வேர் தேடியிருக்கிறார். பிராக் நகரில் 1927ல் பிறந்த கமில் சுவலபில், தமிழுக்காகவே உழைத்தவர். 'தமிழ்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அதன் முற்பகுதியில் 'தம்' இருக்கிறது என்பது ஒரு விளக்கம். 'தம் மொழி' என்றே பொருள் சொல்வாரும் உண்டு. அப்படியானால் செக்கும் தமிழும் ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன: நம்ம ஆள், நம்ம பேச்சு.

2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2.47 லட்சம் பேர். 2023 ஏப்ரலில் சௌராஷ்டிரா தமிழ்ச் சங்கமத்துக்காக மதுரையிலிருந்து சிறப்பு ரயில்கள் குஜராத்துக்குப் போயின. அங்கே விருந்தாளியை வாசலில் கண்டால் சொல்லும் சொல் 'ஆவோ'. நாகல்நகர்ப் பாட்டி என்னைக் கூப்பிட்ட அதே சொல், கொஞ்சம் நீட்டி.

நம் பாறையைத் திண்டு என்று கண்ட கதை அடுத்த வாரம்.