காக்கியெமொனின் பீங்கானும் வன்னியின் யானைத் திறையும்

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், யப்பானின் கியூசு தீவிலுள்ள அரித்தா என்னும் ஊரிற் சக்காயிடா காக்கியெமொன் என்ற குயவர் வாழ்ந்தார். உயர்வெப்பத்திற் சுட்டு மெருகேற்றிய வெண்பீங்கானின்மேற் செம்மை, நீலம், பச்சை, மஞ்சள் ஆகிய வண்ணங்களைத் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுட்டெடுக்கும் முறையை யப்பானில் முதன்முதற் கைவரப்பெற்றவர் அவரே என்பது மரபு. பால்போன்ற பரப்பிற் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, ஒருபுறம் பூங்கொம்பையும் பறவையையும் தீட்டுவது அவர் வழிவந்த பாணியின் சிறப்பாகும்.

1644 இற் சீனத்தில் மிங் அரசு வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்த குழப்பத்தாற் சீனப் பீங்கானின் வரவு குன்றவே, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அரித்தாவை நாடியது. 1659 இற் பெருந்தொகையான பீங்கான்களுக்குக் கட்டளை வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அதே கம்பனி மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தது. போர்த்துக்கேயர் வன்னியரிடம் பெற்றுவந்த திறையையும் அது தனதாக்க முற்பட்டது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை முதலிய வன்னிமைகளிடம் அது வேண்டிய பொருள் யானையாகும்.

கம்பனி ஒன்றே, காலமும் ஒன்றே. ஆயின் உறவு வேறு. யப்பானில் ஒல்லாந்தர் 1641 முதல் நாகசாக்கித் துறையிலிருந்த தெசிமா என்னும் சிறுதீவினுள் அடக்கிவைக்கப்பட்டிருந்தனர். வலிமை மிக்க தொக்குகாவா ஆட்சியின்கீழ் அவர்கள் விலைகொடுத்தே பீங்கானைப் பெறவேண்டியிருந்தது. அதனால் அரித்தாவின் சூளைகள் பெருகின. அடுத்த நூற்றாண்டில் யேர்மனியின் மைசென் தொழிற்சாலை காக்கியெமொன் பாணியைப் பின்பற்றியது. 2014 இல் அக்குடும்பத்தின் பதினைந்தாம் தலைமுறையினர் அப்பெயரை ஏற்றார்.

வன்னியிலோ யானை பெரும்பாலும் விலைப்பொருளாக அன்றித் திறையாகவே கேட்கப்பட்டது. யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட யானைகள் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஊதியம் கம்பனியைச் சேர்ந்தது. வன்னியர் திறையைத் தாழ்த்தினர், எதிர்த்தும் நின்றனர். ஈற்றில் 1782 இற் கம்பனி படைசெலுத்தி வன்னியை அடக்க முனைந்தது.

ஒரு கைவினை உலகறிய உயர்வதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. அதற்குரிய விலையைக் கேட்டுப் பெறும் அரசியல் வலிமையும் வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. வன்னியிலும் குயவரின் திகிரி சுழன்றது. அவர் வனைந்த மண்பானையிலேயே புத்தரிசி பொங்கிற்று. கம்பனி அவரிடம் எதனையும் கேட்கவில்லை. அதன் கணக்கேடுகளை மட்டும் கொண்டு வன்னியின் வரலாற்றை எழுத முற்படுவோர், கம்பனி கேளாதவற்றையெல்லாம் அந்நிலத்தில் இல்லாதவை எனக் கொள்ளும் பிழைக்கு ஆளாவர்.