தழும்பிலிருந்து எண்ணுக்கு

நம் பாட்டிமாரின் கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, நாணயம் போல் வட்டமாய் ஒரு தழும்பு இருக்கும். கேட்டால் 'அம்மை குத்தினது' என்பார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதற்குத் தமிழகத்தின் முதல் பதிவேடு அந்தத் தழும்புதான் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. ஊர் மாறினாலும் அது தொலையாது. எழுத்தறியாதவரும் அதைப் படிக்கலாம்.

ஜென்னர் கண்ட அம்மைப்பால் இந்தியாவில் முதன்முதலாக 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமிக்குக் குத்தப்பட்டது. அவ்வாண்டே அது சென்னை மாகாணத்தையும் எட்டியது. ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து மறு குழந்தைக்குக் குத்துவதே அன்றைய முறை. அம்மையை மாரியின் வருகையெனக் கொண்டு வேப்பிலை செருகிய வீடுகளில் அந்தக் கத்தி எளிதில் நுழையவில்லை. 1884-இல் சென்னை மாகாணத்தில் இதற்கெனச் சட்டமே வந்தது. 1939-இன் பொதுச் சுகாதாரச் சட்டம் அதனை வலுப்படுத்தியது. ஆனால் மேலிடத்துக்குப் போன ஆண்டறிக்கைகள் எத்தனை பேருக்குக் குத்தினோம் என்பதையே பேசின. விடுபட்ட குழந்தை யார், எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிய வழியில்லை.

பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் காலத்திலும் பணியாளர்கள் கைகளைப் பார்த்தே கணக்கெடுத்தனர். 1975-இல் இந்தியாவில் அந்நோய் அற்றுப்போனது. 1978-இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் வந்தபின் தழும்பின் ஆட்சி முடிந்தது. காசநோய்க்கான பி.சி.ஜி. மட்டுமே தழும்பு விட்டுச்செல்லும். முத்தடுப்பு ஊசியோ, போலியோ சொட்டு மருந்தோ, தட்டம்மை ஊசியோ உடலில் எழுதிவைப்பதில்லை. ஆகவே தாயின் கையில் ஓர் அட்டையும், கிராமச் சுகாதாரச் செவிலியரின் பையில் ஒரு பதிவேடும் தேவையாயின.

1995-இல் தொடங்கிய போலியோ முகாம்களில் குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். வீடு வீடாகச் சென்றவர்கள் சுவரில் சாக்கட்டியால் 'பி' என்றோ, சொட்டு மருந்து பெறாத குழந்தை இருந்தால் 'எக்ஸ்' என்றோ எழுதினார்கள். நம் கருத்தில், இவ்வரலாற்றின் திருப்பம் அந்த 'எக்ஸ்' குறியில்தான் இருக்கிறது. போட்டதை எண்ணும் கணக்கு, போடாதவரைத் தேடும் கணக்காயிற்று. 2004-க்குப் பின் தமிழகத்தில் போலியோ காணப்படவில்லை.

2008-இல் தமிழக அரசு 'பிக்மி' என்னும் கணினிப் பதிவைக் கொண்டுவந்தது. கருவுற்ற தாய்க்கு ஓர் எண். அதைத் தொடர்ந்து பேறும், குழந்தையும், ஊசிகளும் மாநிலம் முழுதும் ஒரே ஏட்டில் ஏறின. தவணை தவறிய பெயர்களைச் செவிலியர் பட்டியலாக எடுத்துத் தேடிப்போகலாம்.

ஆயின் மாநில ஏட்டுக்கு மாநில எல்லை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம் கல்லூரிக்கு எதிரே கட்டட வேலைக்கு வந்திருந்த ஓர் ஒடிசாக் குடும்பத்தைத் தேடிச் செவிலியர் ஒருவர் வந்தார். அவர் வைத்திருந்த எந்தப் பட்டியலிலும் அந்தக் குழந்தை இல்லை. தாய் பாலிதீன் பையிலிருந்து மடித்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். செவிலியருக்கு ஒடியா படிக்கத் தெரியாது. கையால் எழுதியிருந்த தேதிகளைக் குழந்தையின் பிறந்த நாளோடு ஒட்டிப் பார்த்து, இன்னின்ன ஊசி போட்டாயிற்று, இரண்டு பாக்கி என்று விரல்விட்டுச் சொன்னார். அதற்குக் கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

இத்தகைய குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளவே நாடு தழுவிய 'யூ-வின்' 2023-இல் முன்னோட்டமாகத் தொடங்கிற்று. நல்லது. எண் இருந்தால் ஊசி பாக்கியெனத் திரை சொல்லிவிடும். எண்ணே இல்லாத குழந்தையைத் திரை அறியாது. அதற்கு அன்றுபோல் ஒருவர் சாலையைக் கடந்து வந்து கேட்கத்தான் வேண்டும்.