டன்னுக்கு 50 ரூபாய்: நாம கவனிக்காம விட்ட கார்பன் வரி

1/ "கார்பன் வரி போட்டா புகை குறையுமா டாக்டர்?" புகையும் நுரையீரலும் பத்தி எழுதினப்போ ஒருத்தர் கேட்டிருந்தார். இந்தியாவுல அதைப் போட்டுப் பார்த்தாச்சுங்க. பேர் மட்டும் வேற. அந்தக் கதைதான் இது.

2/ 2010 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி கொண்டுவந்தார். பெயர், தூய எரிசக்தி செஸ். ஜூலை 1 முதல் டன் நிலக்கரிக்கு 50 ரூபாய். நெய்வேலியில எடுக்கிற பழுப்பு நிலக்கரிக்கும் சேர்த்துதான். 2014ல் 100, 2015ல் 200, 2016ல் 400. ஆறே வருஷத்துல எட்டு மடங்கு.

3/ ஒரு யூனிட் கரண்ட் தயாரிக்க சுமார் 700 கிராம் நிலக்கரி எரியுது. அப்படின்னா 400 ரூபாய் செஸ், யூனிட்டுக்கு சுமார் 28 பைசா. நிலக்கரியை நேரா வாங்கி எரிக்கிற சிமென்ட் ஆலைக்கு இது உடனே உறைக்கும்.

4/ வீட்டுக்கு? தமிழ்நாட்டில் 2016 மே முதல் எல்லா வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். விவசாய மோட்டாருக்கு அதுக்கு முன்னாடியே இலவசம். அதனால அந்த 28 பைசா மின்வாரியக் கணக்கோட நின்னுடுச்சு. இலவசம் தப்புன்னு சொல்லலை. ஆனா கண்ணுல படாத விலை யார் பழக்கத்தையும் மாத்தாது.

5/ ஸ்வீடன் 1991லேயே கார்பன் வரி போட்டது. வீடுகளுக்கு முழு வரி, தொழிற்சாலைகளுக்குக் குறைவு. 2018லதான் ரெண்டும் சமமாச்சு. அங்கே வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிச்சவங்க, மரக்கழிவுல ஓடுற பொது வெந்நீர்க் குழாய்க்கு மாறினாங்க. மாறுறதுக்கு ஒரு வழி இருந்தது. அதான் விஷயம்.

6/ நம்ம ஊருக்கு வருவோம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து கிராமங்கள்ல இருந்து மூச்சிரைப்போட வர்ற அம்மாக்களைப் பார்த்திருக்கேன். பீடியைத் தொட்டதே இல்லை. நாற்பது வருஷமா விறகடுப்பு. சவுக்கு மிலாறுக்கும் வேலிக்காத்தானுக்கும் எந்த அரசும் வரி போட முடியாது. ஆனா சிலிண்டர் விலை ஏறினா, மறுபடி அதே அடுப்புதான். கேஸ் மேல கார்பன் வரி போட்டா அந்தப் புகை குறையாது, கூடும்.

7/ சரி, வசூலான பணமாவது மாற்று வழிக்குப் போச்சா? 2010-11 முதல் 2017-18 வரை சுமார் 86,400 கோடி. தேசிய தூய எரிசக்தி நிதிக்குப் போனது சுமார் 29,600 கோடி. அதுலயும் செலவானது சுமார் 15,900 கோடிதான்.

8/ 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தது. அதே 400 ரூபாய், ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்னு பேர் மாறி, மாநிலங்களோட வருவாய் இழப்பை ஈடுகட்டப் போனது. 2025 செப்டம்பர் 22ல் அதையும் எடுத்துட்டு, நிலக்கரி ஜிஎஸ்டியை 5லிருந்து 18 சதவீதமா உயர்த்தினாங்க. எடைக்கு இருந்த வரி இப்போ விலைக்கு. அதனால சாம்பல் அதிகமான மலிவு நிலக்கரிக்குத்தான் சுமை குறைஞ்சது!

9/ மருந்து நல்லதா இருந்தாலும், போக வேண்டிய இடத்துக்குப் போனாத்தான் வேலை செய்யும். இனிமே யாராவது கார்பன் வரின்னு பேசினா ரெண்டே கேள்வி கேளுங்க. அந்த விலை யார் கையைச் சுடும்? வர்ற பணத்துல அந்த அம்மாவோட அடுத்த சிலிண்டருக்கு எவ்வளவு?