நுரையின் கூலி: ஒரு ஜின் பானமும் பெயரில்லாத கைகளும்

சமையற்குறிப்புகளில் "நன்கு குலுக்கவும்" என்ற தொடரை நாம் பலமுறை கடந்திருக்கிறோம். குலுக்குபவர் யார் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. கொதிக்கவிடவும், அரைக்கவும், கடையவும் என்று எழுவாய் இல்லாமலே அந்த வினைகள் நடந்து முடிந்துவிடும். உழைப்பின் வரலாற்றைப் படிக்கும் எனக்கு இந்த இலக்கணம் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதன் பொருள் என் தோள்பட்டைக்கு விளங்கியது சென்ற மாதம்தான்.

நண்பர் ஒருவரின் முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்பட்டதைக் கொண்டாட, தில்லியில் என் வாடகை வீட்டுச் சமையலறையில், முட்டை வெண்கரு சேர்த்து நுரை பொங்கச் செய்யும் ஒரு பழைய ஜின் பானத்தைச் செய்து பார்த்தேன். ராமோஸ் ஜின் ஃபிஸ் என்பது அதன் பெயர். அதைப் பன்னிரண்டு நிமிடம் இடைவிடாது குலுக்க வேண்டும் என்பது மரபு. நான்காம் நிமிடத்தில் என் வலக்கை சோர்ந்தது. ஆறாம் நிமிடத்தில் நண்பரிடம் கொடுத்தேன். எட்டாம் நிமிடத்தில் அவர் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஒரு குவளைக்கே இந்த நிலை. நாள் முழுவதும் இதையே செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றியது இந்தப் பதிவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மதுக்கூடங்களில் 'ஃபிஸ்' என்றொரு பான வகை பரவியது. சோடா ஊற்றும்போது எழும் இரைச்சலே அந்தப் பெயருக்குக் காரணம். ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, சோடா ஆகியவை அதன் அடிப்படை. வெண்கரு சேர்த்தால் சில்வர் ஃபிஸ், மஞ்சள்கரு சேர்த்தால் கோல்டன் ஃபிஸ், முழு முட்டையையும் சேர்த்தால் ராயல் ஃபிஸ். 1888-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் இம்பீரியல் கேபினட் என்ற மதுக்கூடத்தை நடத்திவந்த ஹென்றி ராமோஸ், வெண்கருவோடு கிரீமையும், ஆரஞ்சுப் பூவிலிருந்து வடித்த மணநீரில் சில துளிகளையும் சேர்த்தார். முதலில் நியூ ஆர்லியன்ஸ் ஃபிஸ் எனப்பட்ட அந்தப் பானம் பிறகு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

ராமோஸ் விசித்திரமான வணிகர். மதுவை விற்றவர், ஆயினும் தம் கூடத்தில் எவரும் நிலைதடுமாறுவதைப் பொறுக்காதவர். இரவு எட்டு மணிக்கே கடையை அடைத்துவிடுவார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி. அவருடைய பானத்தைப் பருகப் பயணிகள் ஊர் தேடி வந்தார்கள். 1907-இல் அவர் ஸ்டாக் என்ற மற்றொரு மதுக்கூடத்திற்கு இடம் மாறியபோது கூட்டமும் உடன் வந்தது.

இங்கேதான் நம் எழுவாய் இல்லாத வினை வருகிறது. பானத்தை உருவாக்கியவர் ராமோஸ்; குலுக்கியவர்கள் 'ஷேக்கர் பையன்கள்' என்று அழைக்கப்பட்ட கூலியாட்கள். மதுக்கூடத்தின் நீண்ட மேடைக்குப் பின்னால் அவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் கை சோர்ந்ததும் குவளை அடுத்தவருக்குப் போகும், அவரிடமிருந்து அதற்கடுத்தவருக்கு. 1915-ஆம் ஆண்டு மார்டி கிரா திருவிழாவின்போது முப்பத்தைந்து பேர் அப்படி நின்றார்கள் என்றும், அப்போதும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றும், நியூ ஆர்லியன்ஸ் பானங்களைப் பற்றி 1937-இல் நூல் எழுதிய ஸ்டான்லி கிளிஸ்பி ஆர்தர் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு குவளைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் ஓர் ஆள் மணிக்கு ஐந்து குவளைதான் முடிக்க முடியும். முப்பத்தைந்து பேர் மூச்சுவிடாமல் உழைத்தாலும் மணிக்கு 175 குவளை. திருவிழா நகரின் தாகத்திற்கு அது எம்மாத்திரம்? மரபு சொல்லும் பன்னிரண்டு நிமிடத்தைப் பாதியாகக் குறைத்தாலும் ஒருவர் பங்குக்கு மணிக்குப் பத்துக் குவளை வரும். அந்தக் கணக்கில் அவர்களுடைய கை ஓயும் நேரம் என்று ஒன்று இல்லை.

இத்தனை உழைப்பு எதற்கு? விடை வெண்கருவில் இருக்கிறது. வெண்கருவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். அந்தப் புரதங்கள் நூற்கண்டுகளைப் போலச் சுருண்டு கிடப்பவை. வேகமாகக் குலுக்கும்போது கண்டு அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் காற்றுக்குமிழிகளைச் சுற்றி ஒன்றோடொன்று பின்னி மெல்லிய சுவராகின்றன. எலுமிச்சையின் புளிப்பு, புரதங்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்விசையைத் தணித்து அந்தச் சுவரை உறுதியாக்குகிறது. குலுக்கக் குலுக்கப் பெரிய குமிழிகள் உடைந்து சிறியவையாகின்றன. குமிழி சிறுத்தால் நுரை நிலைக்கும்.

கிரீம் இதில் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. கொழுப்பு நுரைக்குப் பகை. வெண்கரு அடிக்கும் பாத்திரத்தில் சிறிது மஞ்சள்கருவோ எண்ணெயோ பட்டால் நுரை எழாது என்பது கேக் செய்யும் அனைவருக்கும் தெரியும். ராமோஸ் தெரிந்தே அந்தப் பகையைக் குவளைக்குள் விட்டார். பட்டுப் போன்ற வழவழப்பு அதனால் வந்தது. அந்த வழவழப்புக்கான விலையைக் கையால் கட்டவேண்டியிருந்தது. குமிழி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, பானம் பால்போலத் திரண்டு வெளுக்கும் வரை குலுக்க வேண்டும் என்பதே ராமோஸின் செய்முறை. அதில் நிமிடக் கணக்கு கிடையாது. அந்த நிலை வரும்வரை எத்தனை கைகள் மாறின என்பதும் அதில் இல்லை.

பானத்துக்குள் மறைந்த உழைப்பு இது மட்டுமன்று. ஆண்டின் பெரும்பகுதி வெப்பம் தகிக்கும் நகரம் நியூ ஆர்லியன்ஸ். அங்கே பனிக்கட்டி எப்படி வந்தது? பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பினார். நியூ ஆர்லியன்ஸ் அவருடைய தொடக்ககாலச் சந்தைகளில் ஒன்று. 1833-இல் அவர் அனுப்பிய டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் பனியோடு புறப்பட்டு நான்கு மாதம் கடலில் கழித்துக் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. 1840-களில் சென்னைக் கடற்கரையில் அந்தப் பனிக்காகவே ஒரு கிடங்கு கட்டப்பட்டது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் அறியும் ஐஸ் ஹவுஸ் அதுதான். திருவல்லிக்கேணி வாசிகள் இன்றும் அந்தப் பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றே சொல்வார்கள். அந்தக் கட்டடம் டியூடரை நினைவூட்டுகிறது. உறைந்த ஏரியின்மீது நின்று பனியை அறுத்தவர்களையும், கப்பலிலிருந்து அதை இறக்கிச் சுமந்தவர்களையும் நினைவூட்ட எந்தக் கட்டடமும் இல்லை. ராமோஸின் காலத்திற்குள் நியூ ஆர்லியன்ஸில் பனிக்கட்டியை இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது. நுரைக்கு மட்டும் இன்னும் கைதான் வேண்டியிருந்தது.

இனி வீட்டில் செய்யும் முறை. ஒரு குவளைக்கு ஜின் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 30 மில்லி, சர்க்கரைப் பாகு 30 மில்லி, கிரீம் 30 மில்லி, ஒரு முட்டையின் வெண்கரு, ஆரஞ்சுப் பூ நீர் மூன்று துளி, மேலே ஊற்றச் சிறிது சோடா. ராமோஸ் பெரிய மஞ்சள் நிற லெமனையும் சிறிய லைமையும் பாதிப் பாதியாகச் சேர்த்தார். நம் சந்தையில் கிடைக்கும் எலுமிச்சை லைம் வகையைச் சேர்ந்தது, புளிப்பு மிகுதி. அதை மட்டும் பயன்படுத்தினால் 25 மில்லி போதும். ஆரஞ்சுப் பூ நீர் என்பது பன்னீரைப் போல, கசப்பு ஆரஞ்சின் பூக்களிலிருந்து வடிப்பது. மூன்று துளியைத் தாண்டினால் பானம் அத்தர் மணக்கும்.

முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து வெண்கருவைப் பிரியுங்கள். சோடா நீங்கலாக எல்லாவற்றையும் இறுக்கமான மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு, பனிக்கட்டி இல்லாமல் ஒரு நிமிடம் குலுக்குங்கள். குளிர் இல்லாதபோது புரதம் எளிதில் அவிழும். பிறகு பனிக்கட்டி சேர்த்து, பாத்திரத்தின் வெளிப்புறம் உறைபனி பூக்கும்வரை குலுக்குங்கள். இந்த முறையில் மூன்று நான்கு நிமிடமே நல்ல நுரையைத் தரும். குளிர்ந்த உயரமான குவளையில் வடிகட்டி, ஓரிரு நிமிடம் அசையாமல் விடுங்கள். நுரை தன்னைத் திடப்படுத்திக்கொண்டபின் நடுவில் மெல்லிய தாரையாகச் சோடாவை ஊற்றினால், வெண்மையான நுரை விளிம்பைத் தாண்டி எழுந்து நிற்கும். சோடாவை மட்டும் மூடிய பாத்திரத்தில் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள். வளியழுத்தம் மூடியைத் தெறிக்கவைக்கும்.

பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். குவளையில் உள்ள மது அதைக் கொன்றுவிடும் என்று நம்பவேண்டாம். பாஸ்ச்சர் முறையில் பதப்படுத்திய வெண்கரு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கருவுற்றவர்களும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் பச்சை முட்டையைத் தவிர்க்க வேண்டும். முட்டை உண்ணாதவர்கள் கொண்டைக்கடலை வேகவைத்த கெட்டி நீரை இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்க்கலாம். அதுவும் வியக்கத்தக்க அளவு நுரைக்கும். மது தொடாதவர்கள் ஜின்னை விட்டுவிட்டு மற்றவற்றைக் கொண்டே செய்யலாம். நுரை எழும் விதம் ஒன்றுதான்.

கதையின் எஞ்சிய பகுதி சுருக்கமானது. 1919 அக்டோபர் இறுதியில், மதுவிலக்கை நடைமுறைப்படுத்தும் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேளையில், ராமோஸ் தம் கூடத்தை மூடினார். செய்முறையைத் தம்மோடு கொண்டுபோக விரும்பாமல் பொதுவில் வெளியிட்டார். மதுவிலக்கு நீங்குவதைக் காணாமலே 1928-இல் இறந்தார். பிறகு பானத்தின் பெயரை நியூ ஆர்லியன்ஸின் ரூஸ்வெல்ட் விடுதி தன் வணிகக்குறியாக்கிக்கொண்டது. 1935-இல் லூசியானாவின் செனட்டர் ஹியூயி லாங், நியூயார்க் விடுதி ஊழியர்களுக்கு இந்தப் பானத்தைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொடுக்க, ரூஸ்வெல்ட் விடுதியின் மதுக்கூடப் பணியாளர் ஒருவரை வரவழைத்தார். செய்தியாளர் கூட்டத்தில் கையில் குவளையோடு நின்றார். அடுத்த சில வாரங்களில், அவ்வாண்டு செப்டம்பரில், சுடப்பட்டு இறந்தார். இந்தப் பானத்தின் வரலாற்றை எவர் எழுதினாலும் ராமோஸும் லாங்கும் விடுதியும் இடம்பெறுவார்கள். முப்பத்தைந்து பேர் முப்பத்தைந்து என்ற எண்ணாக இடம்பெறுவார்கள்.

அந்த எண்ணாவது இருக்கிறதே என்று நான் நன்றி சொல்ல வேண்டும். நம் காலனிய ஆவணங்களில் பங்கா இழுத்தவர்கள் பல இடங்களில் எண்ணாகக்கூட இல்லை. அசையும் பங்கா மட்டும் இருக்கிறது. காற்று வந்தது, நுரை எழுந்தது, பனி இறங்கியது என்ற வாக்கியங்களுக்கு எழுவாயைத் தேடுவதே என்னைப் போன்றவர்களின் தொழில். ஆவணம் கைவிடும் இடத்தில் செய்துபார்த்தல் ஓரளவு கைகொடுக்கும் என்பதை அன்று கற்றேன். எட்டாம் நிமிடத்தின் வலி எனக்கு அவர்களுடைய பெயர்களைத் தரவில்லை. கூலியையும் குடும்பத்தையும் சொல்லவில்லை. ஆனால் குவளையை அடுத்தவருக்கு நீட்டும் அந்தக் கணத்தை நான் இனிச் சும்மா ஒரு சுவையான துணுக்காகப் படிக்க முடியாது.

அன்று நண்பரும் நானும் ஒரே குவளையைப் பகிர்ந்துகொண்டோம். இரண்டாவது குவளை செய்ய இருவருக்கும் கை எழவில்லை.