இந்தத் தீவில் வாழ அனுமதி கேட்டவர்கள்

ஒரு வெளிநாட்டவர் இலங்கையில் நீண்ட காலம் தங்க விரும்பினால் இன்று பல வழிகள் உண்டு. 55 வயதைத் தாண்டியவர் 15,000 அமெரிக்க டொலரை வைப்பிலிட்டு, மாதம் 1,500 டொலர் கொண்டுவந்தால் 'மை ட்ரீம் ஹோம்' விசா பெறலாம். 1 இலட்சம் டொலர் வைப்பிலிடுபவருக்கு 10 வருட 'கோல்டன் பரடைஸ்' விசா இருக்கிறது. இது 2022 இல் வந்த திட்டம்.

நல்ல விடயந்தான். நாட்டுக்கு டொலர் தேவை. ஆனால் இதே நாட்டில் வாழ அனுமதி கேட்டு வரிசையில் நின்ற வேறு மனிதர்களின் கதையையும் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை முடித்துக் கடல் கடந்தார்கள். இந்திய வியாபாரிகளும் கொழும்புக்கு வந்துபோனார்கள். விசா என்ற பேச்சே அப்போது இல்லை.

சுதந்திரம் கிடைத்த 1948 இலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் (இல. 18) குடிவரவு குடியகல்வுச் சட்டமும் (இல. 20) வந்தன. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தவர், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயன் அறையில் பிறந்த எத்தனை பேரிடம் பிறப்புப் பதிவு இருந்திருக்கும்?

அடுத்து 1949 இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். 1946 ஜனவரி 1 க்கு முன் திருமணமானவர் 7 வருடமும், திருமணமாகாதவர் 10 வருடமும் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும். ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்ததோ ஏறத்தாழ 1 இலட்சத்து 35 ஆயிரம் பேருக்குத்தான்.

பிரஜையாக முடியாத வியாபாரிகள், கடைச் சிப்பந்திகள் பலர் தற்காலிக வதிவிட அனுமதிப்பத்திரத்தில் காலம் தள்ளினார்கள். அவர்களில் தென்னிந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். திகதி முடிய முன் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடையை விட்டுக் கப்பல் ஏற வேண்டும். 'கள்ளத்தோணி' என்ற சொல் வசையாக மாறியதும் இந்தக் காலத்தின் சூழலில்தான்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பிறகு பார்க்கலாம் என்று இரு அரசுகளும் பிரித்துக்கொண்டன. 1974 இல் அந்த மீதியும் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டது. இங்கேயே தங்கிவிட்ட நாடற்றவர்களின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. 1948 இலிருந்து கணக்குப் பார்த்தால் 55 வருடங்கள்.

டொலரோடு வருபவரை வரவேற்பதில் தவறில்லை. தேயிலைக் கொழுந்து பறித்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித் தந்தவர்களிடம் நாம் கேட்டது கடதாசி. அவர்களின் உழைப்பை எந்தப் படிவத்திலும் எழுத இடம் இருக்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஒப்பந்தத் திகதியை மட்டும் மனனம் செய்யும் மாணவர்களுக்கு இதையும் சொல்லிக் கொடுப்போம்.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய வதிவிட அனுமதிப்பத்திரமோ, பிரஜாவுரிமைச் சான்றிதழோ, கப்பல் டிக்கெட்டோ இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அதை வைத்திருந்தவர் உயிரோடு இருந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, அவரையே அந்தக் கதையைச் சொல்ல விடுங்கள்.