நகரும் திருநந்தவனமும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றானும் சிறந்ததே திருப்பதி எனப்படும். தலபுராணங்கள் இம்மூன்றனோடு தலமரத்தையும் உடன்வைத்துக் கூறும். ஆகவே, இறைவன் எழுந்தருளிய இடத்திற்குச் சிறப்புத் தருவனவற்றுள் நீரும் மரமும் இன்றியமையாதன ஆயின. மக்கள் நெருங்கி வாழும் ஊரின் நடுவே, நீருக்கும் மரத்திற்கும் வேண்டும் நிலத்தைத் தெய்வத்தின் உடைமையாகவே வகுத்துவைத்த முறை இஃது. அம்முறை எவற்றால் நிலைபெற்றது, எவ்விடத்து நெகிழ்ந்தது என்பன ஆராயத்தக்கன.

தமிழகத்து ஊர்கள் பல காட்டினின்றே பெயர் பெற்றன. ஆலங்காடு, மறைக்காடு, வெண்காடு என்பன அத்தகையன. மதுரை கடம்பவனம் எனவும், சிதம்பரம் தில்லைவனம் எனவும் வழங்கும். தில்லை என்பது உப்புநீர் தேங்கும் கழிநிலத்தில் வளரும் மரம். அதன் பால் கண்ணிற் பட்டால் ஊறு செய்யும். ஊர் பெருகிய காலத்து அம்மரக்காடு ஊரினின்றும் நீங்கிற்று. இக்காலத்து அதனைக் காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரத்துக் கழிக்காட்டிற்குச் செல்லல் வேண்டும். பெயரில் நின்ற மரம் ஊரில் நில்லாதொழிந்தது. ஒன்றனைப் போற்றிப் பேசுதல் மட்டுமே அதனைக் காவாது என்பது இதனாற் பெறப்படும்.

திருவாரூர் வேறொரு நெறியைக் காட்டும். அங்கே கோயில் ஐந்து வேலி, கமலாலயம் ஐந்து வேலி, செங்கழுநீரோடை ஐந்து வேலி என்பது நெடுநாள் வழக்கு. ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கர் ஆதலின், ஐந்து வேலி 33 ஏக்கர் அளவினதாம். இவ்வழக்கினை நில அளவைக் கணக்காகக் கொள்ளாது, ஊர் வகுத்தோர் கருத்தாகக் கொள்ளினும், உண்மை ஒன்று தெளிவாகும். கல்லால் அமைந்த திருக்கோயிலுக்கு எவ்வளவோ அவ்வளவே நீருக்கும், அவ்வளவே மலருக்கும். வீடுகட்டி எஞ்சிய நிலத்தில் குளமும் சோலையும் வைக்கப்பட்டன அல்ல. அவை முதற்கண் அளந்து வைக்கப்பட்டன.

அளந்து வைத்த நிலமும் காவலின்றி நிலைபெறாது. இதனைத் தண்டியடிகள் வரலாறு உணர்த்தும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய திருத்தொண்டர் புராணத்தின்படி, கோயிலின் மேற்பால் இருந்த திருக்குளம் அருகில் இருப்பிடங்கள் பெருகினமையால் இடம் குறைந்து தூர்ந்தது. பிறவியிலேயே கண்ணொளி இல்லாத தண்டியடிகள் அதனைக் கல்லத் துணிந்தார். குளத்துள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டனையும் கயிற்றாற் பிணித்து, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணைக் கூடையிற் சுமந்து கொட்டினார். அங்கிருந்த சமணர், மண்ணைக் கல்லினால் சிற்றுயிர்கள் இறந்துபடும் எனத் தடுத்தனர். பின்னர்க் கொட்டினையும் தறியினையும் பறித்தனர். முடிவில் அடிகள் கண்ணொளி பெற்றார். அரசன் குளத்தின் கரையைச் செம்மை செய்தான்.

இவ்வரலாற்றைச் சமயப் பூசலாக மட்டும் கொள்வார் அதன் மற்றொரு பயனை இழப்பர். குளக்கரை வாழ்வோர் எச்சமயத்தினர் ஆயினும், நெருக்கம் மிகுந்த ஊரில் குளம் சிறிது சிறிதாகவே சுருங்கும். அதனைக் காணக் கண்ணுடையார் பலர் இருந்தும் கண்ணிலார் ஒருவரே கண்டார் என்பது சிந்திக்கற்பாலது.

இனி, நந்தவனத்தின் நிலை யாது எனின், அது சித்தாந்தத்தில் சரியைத் தொண்டுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், தாதமார்க்கத்தைக் கூறுமிடத்து, திருக்கோயிலை அலகிடல், மெழுகல், மலர் கொய்தல், மாலை தொடுத்தல், திருவிளக்கிடல் என்பவற்றோடு திருநந்தவனம் செய்தலையும் எண்ணும். ஆகவே சோலை வளர்த்தல் இன்பப் பொழுதுபோக்கன்று, வழிபாடே ஆம். இக்கருத்தைச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் செயலிற் காட்டும். திருநந்தவனத்திற்கு நிலம் விடுதலோடு அமையாது, அதில் நீர் இறைத்தும் களை பறித்தும் உழைப்பார் வாழ்வுக்கும் வேறாக நிலம் விட்ட செய்திகள் அவற்றில் உள்ளன. அந்நிலம் நந்தவனப்புறம் எனப்பட்டது.

இடம், உழைப்பார்க்கு ஊதியம், நாடோறும் பயன் என்னும் மூன்றும் ஒருங்கு கூடியமையே அச்சோலைகள் நெடுங்காலம் நின்றதற்குக் காரணம். காலைப் பூசைக்கு மலர் வேண்டும். ஆதலின் முதல்நாள் மாலை நீர் பாய்ச்சல் வேண்டும். கடமை ஒரு நாளும் தவறாமையின் சோலையும் வாடாதாயிற்று.

வணிகம் செழித்த கடற்கரை ஊராகிய மயிலாப்பூரிலும் இந்நிலை இருந்தது. சிவநேசச் செட்டியார் மகளாராகிய பூம்பாவையார் மலர் கொய்யச் சென்ற சோலையிலேயே அரவு தீண்டிற்று என்பது புராணம். புன்னை இன்றும் அத்தலத்தின் மரமாய் உள்ளது. அம்மயிலாப்பூரைத் தன்னகத்துக் கொண்ட சென்னை மாநகரின் பிற்கால வரலாறோ வேறு. நுங்கம்பாக்கத்தையும் மாம்பலத்தையும் ஒட்டி நீண்டு கிடந்த ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நகரை வகுத்தோர் அதன் நடுவே பனகல் பூங்காவை அமைத்தனர், அது பாராட்டத்தக்கதே. ஆயினும் ஏரி கொண்ட நீரைப் பூங்கா கொள்ளுதல் யாங்ஙனம்? 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலம் முதலிய இடங்களில் வெள்ளம் புகுந்தது. 2019 கோடையில் குடிநீர் ஏரிகள் வறண்டன. மிகையும் குறையும் ஓரிடத்தே நேர்ந்தமை, நீர் தங்குதற்கும் நிலத்துள் இறங்குதற்கும் உரிய மண் குறைந்தமையைக் காட்டும்.

இத்தகைய நகரங்களில் திருக்கோயிலின் திறந்த வெளியே பல தெருக்களுக்கும் அண்மையில் உள்ள பசிய இடமாம். ஆண்டும் ஒரு கேடு புகுந்துள்ளது. தூய்மை கருதி நந்தவனத்து மண்மீது கல்லும் சிமெண்டும் பரப்புதலும், தலமரத்தின் அடியை நெருக்கி மேடை கட்டுதலும் பல இடங்களில் திருப்பணி என்னும் பெயரால் நிகழ்கின்றன. வேருக்கு நீரும் காற்றும் செல்லாது தடுத்துவிட்டு மரத்தை வலம்வருதல் பொருந்துமாறு இல்லை. மழைநீர் மண்ணில் இறங்கினன்றோ திருக்குளமும் அயலிலுள்ள கிணறுகளும் ஊறும்?

ஆதலின் திருப்பணி செய்வார் கோபுரத்திற்கு வண்ணம் தீட்டுமுன், நந்தவனத்தின் எல்லையை அளந்து காத்தல் வேண்டும். தோட்டப்பணி செய்வார்க்குத் தக்க ஊதியம் வகுத்தல் வேண்டும். பூசைக்குரிய மலரில் ஒரு பகுதியேனும் அவ்விடத்தே விளைந்ததாக இருத்தல் வேண்டும். பொருளில்லார்க்கும் இத்தொண்டில் இடமுண்டு. ஒரு குடம் நீர் சுமத்தலும் சரியையே. மண்ணைச் சுமந்த தண்டியடிகளைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் வைத்து வணங்கினமை அதற்குச் சான்றாம்.